பத்து மாடுகளுக்கு முன் ஒரு தட்டுப்போர்

குப்பனூர் அடிவாரம், சேலம்
26.2.2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பத்து லட்சம் ரூபாய் கடன் வாங்கி, பத்துக் கறவை மாடுகளுடன் பண்ணை தொடங்கப்போவதாக ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். நீ திரும்பி வர வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருப்பவள் நான். அதனால்தான் அன்று எதுவும் பேச வராமல் 'சரி கண்ணு' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதன்பின் மூன்று இரவுகள் யோசித்தேன். தொலைபேசியில் பேசினால் நீ இடையில் ஒன்று கேட்பாய், நான் வேறொன்றுக்குப் போய்விடுவேன். எனவே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை அனுப்பிய கணக்குத் தாளை அப்பா அச்செடுத்துக் கொண்டுவந்தார். பத்து மாடு, மாடு ஒன்றுக்கு நாளைக்கு 15 லிட்டர், லிட்டருக்கு 38 ரூபாய், நாளொன்றுக்கு 5,700 ரூபாய், மாதத்துக்கு 1,71,000 ரூபாய் என்று அதில் இருக்கிறது. ஈன்ற இரண்டாவது மாதத்தில் 15 லிட்டர் கறக்கும் மாடு எட்டாவது மாதத்தில் ஐந்தாறு லிட்டருக்கு இறங்கிவிடும் என்பதும், அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் அதன் மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இல்லை. சினை ஊசி ஒருமுறை தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களிலும் மாடு தின்னத்தான் செய்யும். பத்து மாடுகள் நிற்கும் கொட்டகையில் எந்த நாளிலும் ஏழு மாடுகள் கறவையில் இருந்தால் அது நல்ல பராமரிப்பு. அந்த ஏழும் சராசரியாக ஒன்பது லிட்டர் கொடுத்தால் 63 லிட்டர் ஆகும்.

விலையும் தாளில் உள்ளபடியே கைக்கு வருவதில்லை. ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்தது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்ததால் 38 ரூபாய் ஆயிற்று. கொழுப்பும் மற்றத் திடச்சத்தும் வகுத்த அளவில் இருந்தால்தான் அந்த விலை கிடைக்கும். பசுந்தீவனம் குறைந்துபோகும் மாதங்களில் நம் வீட்டுப் பாலுக்கே 34, 35 ரூபாய்தான் வருகிறது. அப்படிப் பார்த்தால் மாதம் சுமார் 66,000 ரூபாய். என் நோட்டுப் புத்தகத்தின்படி நூறு ரூபாய்ப் பாலில் அறுபத்தைந்து முதல் எழுபது ரூபாய் வரை தீவனத்துக்கே போகிறது. மிஞ்சும் இருபதாயிரம் சொச்சத்தில்தான் மருந்து, மின்கட்டணம், கூலி எல்லாம். பத்து லட்சத்தைப் பத்து விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைக்க வேண்டும் என்றால் மாதத் தவணை மட்டுமே 21,000 ரூபாயைத் தாண்டுகிறது. எந்த மாடும் நோயில் படுக்காத, மழையும் பொய்க்காத மாதத்தின் கணக்கு இது.

நீ பயந்து பின்வாங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. 1998 முதல் 2022 வரை நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலைச் சோதிக்கும் மேசைக்குப் பின்னால் நின்றவள் நான். எந்த வீட்டில் தீவனம் குறைந்திருக்கிறது, எந்த வீட்டு மாட்டுக்கு மடிநோய் தொடங்குகிறது என்பதை அந்த வீட்டார் வாய்திறக்கும் முன்பே அவர்கள் கொண்டுவரும் பால் எனக்குச் சொல்லிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பால் ஊற்றிய வீடுகளில் பாதிக்கும் குறைவானவையே நான் ஓய்வு பெற்ற நாளில் வரிசையில் நின்றன. நின்றுபோன வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். மாடு இறந்ததால் மட்டும் தொழிலை விட்ட வீடு மிகக் குறைவு. வறட்சியோ நோயோ விலைச் சரிவோ வந்த இரண்டு மூன்று வாரங்களில், கையில் பணமும், அடுக்கிவைத்த போரில் தட்டும் (காய்ந்த சோளத்தாள்) இல்லாமல், நல்ல கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதே மாட்டை இரட்டை விலைக்கும் வாங்க முடியாமல் போனவர்களே அதிகம். ஆகவே ஒரு வீடு மாட்டுத்தொழிலில் நிலைக்குமா என்று யாராவது கேட்டால், அந்தக் கெட்ட வாரங்களில் விற்காமல் பொறுத்திருக்க அந்த வீட்டால் முடியுமா என்றுதான் நான் பார்ப்பேன். உன் திட்டத்தையும் அப்படித்தான் பார்த்தேன். அதில் பொறுத்திருக்க இடமே இல்லை.

2016 இறுதியில் நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். அந்த ஆண்டு நம் மாடு மயிலையை விற்றதற்காகப் பல மாதங்கள் எங்களுடன் சரியாகப் பேசவில்லை. உன் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், நாங்களும் மறுக்கவில்லை. உண்மை வேறு. ஐப்பசி மாதம் பிறந்து இரண்டு வாரங்கள் ஆகியும் வடகிழக்குப் பருவமழை வரவில்லை, கிணற்றில் ஊற்று சுரக்கவில்லை. அப்பா சேர்வராயன் மலையை நாள்தோறும் பார்த்துக்கொண்டே நிற்பார். மேகம் மலைமுகட்டில் படியும், கீழே இறங்காது. அப்போது நம்மிடம் ஐந்து மாடுகள். இருந்த தட்டை ஐந்தால் வகுத்தால் தை வரையிலும், நான்கால் வகுத்து இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தால் வைகாசி வரையிலும் போகும் என்று கணக்கிட்டோம். மயிலை ஆறாவது ஈற்றில் இருந்தது, கறவையும் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தையில் இன்னும் யாரும் பதறத் தொடங்கவில்லை என்பதால் 28,000 ரூபாய் கிடைத்தது. விற்ற மறுநாளே அந்தப் பணம் முழுவதற்கும் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து சோளத்தட்டு வாங்கி வண்டியில் ஏற்றி வந்தோம். அடுத்த வாரமே, நவம்பர் 8 ஆம் தேதி, பழைய நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. வியாபாரிகளின் கையில் பணம் இல்லாமல் சந்தையே படுத்துவிட்டது. 2017 ஜனவரி 10 ஆம் தேதி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தத் தை மாதத்தில் மயிலையைவிட இளமையான மாடு ஒன்று நம் தெருவிலிருந்து 11,000 ரூபாய்க்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அதை வளர்த்த பெண் தும்புக்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மயிலையை விற்ற நாளில் நானும் சாப்பிடவில்லை, கண்ணு. ஆனால் ஒன்றை நாமாக, நல்ல விலை இருக்கும்போதே விற்றதால்தான் மற்ற நான்கையும் காப்பாற்ற முடிந்தது. மழை பொய்க்கிறது என்று தெரிந்தால் முடிவை மார்கழிக்குத் தள்ளிப் போடாதே. ஐப்பசி பாதியில் போரை அளந்து, தலைகளை எண்ணி, எது தங்கும் எது போகும் என்று அன்றே முடிவெடுத்துவிட வேண்டும்.

மீதி நான்கும் அந்தக் கோடையைத் தாண்டியதற்கு வேறு காரணங்களும் உண்டு. தட்டை முழுசாகப் போட்டால் மாடு தோகையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்து வீணாக்கும். அப்பா அந்த ஆண்டுதான் புல் நறுக்கும் இயந்திரம் வாங்கினார், அதன்பின் தொழுவத்தில் கழிவே விழவில்லை. கிணற்று மேட்டில் இருந்த அகத்தியும் வேலியோரத்துக் கிளிரிசிடியா மரத்தின் தழையும் தட்டுக்குத் துணையாயின. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் கழித்துக் கொடுக்கும் முறையைச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கற்றுக்கொண்டு வந்து நான் செய்தேன். அளவு மீறினால் யூரியா நஞ்சு என்பதால் ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்தே போட்டேன். கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு அறுபது எழுபது லிட்டர் தண்ணீர் வேண்டும். எனவே மாடுகளைக் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டு ஈரச்சாக்கால் துடைத்துவிட்டோம், மிச்சமான தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினோம்.

ஆகவே, பண்ணை என்று நினைக்கும்போது நீ முதலில் மாட்டை நினைக்காதே, தீவனத்தை நினை. பத்து மாடுகளுக்கு நாளொன்றுக்கு 250 கிலோ பசுந்தீவனம் என்றால் ஆண்டுக்கு 90 டன்னுக்கு மேல் வேண்டும். கம்பு நேப்பியர் புல் நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு 150 டன்னுக்கு மேல் வரும் என்கிறார்கள். நம் செம்மண்ணில், மாசிக்குப் பின் வற்றும் கிணற்றை வைத்துக்கொண்டு அதில் பாதியை எதிர்பார்ப்பதே நேர்மையான கணக்கு. அப்படியென்றால் ஒரு ஏக்கருக்கு மேல் புல்லுக்கே ஒதுக்க வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஐந்து கிலோ உலர்தீவனம் என்று வைத்தால் நான்கு மாதத்துக்கு ஆறு டன் தட்டு போரில் இருக்க வேண்டும். அந்தப் போரைக் கட்ட இடமும், வாங்கப் பணமும், மழை நனையாமல் மூடத் தார்ப்பாயும் உன் கணக்குத் தாளில் எங்கேயும் காணவில்லை.

பத்து மாடுகளையும் ஒரே நேரத்தில் வாங்குவது எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. 2013 ஆம் ஆண்டு கோமாரி நோய் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பரவியது. அந்த ஆண்டில்தான் நான் ஒரு தரகரின் பேச்சைக் கேட்டுச் சந்தையில் ஒரு செவலை மாட்டை வாங்கி, அன்று மாலையே நம் மாடுகளோடு ஒரே வரிசையில் கட்டினேன். ஐந்தாம் நாள் அதன் வாயிலிருந்து நூல் நூலாக உமிழ்நீர் ஒழுகியது. பத்து நாளில் எல்லா மாடுகளுக்கும் நாக்கிலும் குளம்பிடுக்கிலும் புண். இரண்டு மாதக் கன்று ஒன்று முதல்நாள் மாலை பால் குடித்துத் துள்ளியது, மறுநாள் காலையில் இறந்து கிடந்தது. இளங்கன்றுகளுக்கு அந்த நோய் இதயத்தைத் தாக்கும் என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். பிழைத்த மாடுகளில் ஒன்று அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். அதன் பால் பழைய அளவுக்கு ஏறவே இல்லை. தவறு என்னுடையது. புதிதாக வரும் மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, தனி வாளியில் தண்ணீர் காட்டி, நம் மாடுகளைக் கவனித்த பிறகே அதனிடம் போக வேண்டும் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு நாள்தானே என்று கட்டிவிட்டேன்.

இப்போது கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே வீடு தேடி வந்து போடுகிறது. 2019 இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் உள்ள கிடாரிக் கன்றுகளுக்குக் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசியும் வாழ்நாளில் ஒருமுறை அதே திட்டத்தில் கிடைக்கிறது. ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று மாட்டை ஒளித்து வைக்கும் வீடுகள் இன்றும் நம் ஊரில் உண்டு. அந்த இரண்டு நாள் பாலின் விலையையும் என் செவலை வந்த கதையையும் பக்கத்தில் வைத்து அவர்களிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். 2022 இல் தோல்கழலை நோய் வடமாநிலங்களில் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது, ஈயும் கொசுவும் உண்ணியும் அதைப் பரப்பும் என்று அறிந்து, ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டதோடு மாலை நேரத்தில் வேப்பிலைப் புகையும் விடாமல் போட்டோம்.

ஊருக்கெல்லாம் தெரியும்படி வருகிற பெருநோய்களைவிட, சத்தமில்லாமல் வருகிற மடிநோயே ஒரு கறவை வீட்டை அதிகமாகச் சுரண்டுகிறது என்பது என் கருத்து. காம்பு ஒன்று செத்துப்போனால் அந்த மாட்டின் விலையில் கணிசமான பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள். கறப்பதற்கு முன் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கருப்புத் துணியில் பீச்சிப் பார்க்கச் சொல்லி உன் பாட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தார். சிறு திரி தெரிந்தாலும் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடிக்கொள்ளாது, அரைமணி நேரமாவது திறந்திருக்கும். மாடு அப்போது ஈரத்தரையில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். கறந்த கையோடு மாட்டின் முன்னால் புல்லைப் போட வேண்டும் என்று நான் உன்னைச் சின்ன வயதில் விரட்டியதற்குக் காரணம் இதுதான். புல் இருந்தால் மாடு நின்றுகொண்டு தின்னும். தொடக்க நிலை மடிவீக்கத்துக்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து, தண்ணீரில் இளக்கி, ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை மடி முழுவதும் பூசும் முறையைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் பரப்பினார்கள். நம் தொழுவத்தில் அது பலமுறை பலித்திருக்கிறது. பலிக்காதபோது மருத்துவரை அழைக்கத் தயங்கக் கூடாது, ஊசி போட்ட மாட்டின் பாலை அவர் சொன்ன நாள்வரை சங்கத்தில் ஊற்றவும் கூடாது. அந்தப் பால் ஏதோ ஒரு வீட்டில் குழந்தைக்குப் போகிறது.

நம் சேலத்துக்கே உரிய ஆபத்து ஒன்றையும் நீ மறந்திருப்பாய். சுற்றிலும் மரவள்ளிக் காடு. மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும், பூக்காத இளஞ்சோளப் பயிரிலும், குறிப்பாக வறட்சியில் வாடி நின்று மழைக்குப் பின் துளிர்க்கும் சோளத்திலும் சயனைடு நஞ்சு உண்டாகிறது. கயிறு அறுத்துக்கொண்ட மாடு பக்கத்துத் தோட்டத்தில் கால்மணி நேரம் மேய்ந்தால் போதும், மூச்சுத் திணறி விழுந்துவிடும். உடனே மருத்துவர் வந்து நரம்பில் மாற்று மருந்து ஏற்றினால் பிழைக்கும், தாமதித்தால் இல்லை. கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற எண்ணை அப்பா தொழுவத்துச் சுவரில் கரியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். சவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளிச் சக்கையான திப்பி மலிவு என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே வயிறு நிறையக் கொடுத்துவிடுகிறார்கள். நன்றாகக் காய்ந்த திப்பியைத் தவிட்டோடும் பிண்ணாக்கோடும் அளவாகக் கலந்தால் நல்லது. புளித்ததும் பூஞ்சை படிந்ததும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பாலை யாரிடம் ஊற்றுவது என்பதில் உனக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு இருப்பது எனக்குத் தெரியும். தனியார் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும்போது ஏன் சங்கம் என்று கேட்டாய். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து டீக்கடையும் ஓட்டலும் மூடியபோது, அதுவரை நம் தெருவில் முன்பணம் கொடுத்துப் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வியாபாரி நான்காம் நாளிலிருந்து வரவே இல்லை. பாலை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அந்த வீடுகளின் பெண்கள் கேனோடு சங்கத்து வாசலில் வந்து நின்றார்கள். முகக்கவசத்தோடு மேசைக்குப் பின்னால் நின்ற நான் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. செயலாளரும் அதற்கு உடன்பட்டார். தனியாரிடம் ஊற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முன்பணம் வாங்கிவிட்டால் அவர் சொல்வதே விலை, அவர் அளப்பதே அளவு. சங்கத்தில் உறுப்பினராக இருந்து ஒரு வேளைப் பாலையாவது தொடர்ந்து ஊற்றி வா. வேறு வழியெல்லாம் அடைபடும் நாளில் அந்த வாசல் உனக்குத் திறந்திருக்க வேண்டும்.

மலைமேல் உன் மாமா வீட்டு நிலைமை வேறு மாதிரியானது. கடந்த கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுவிழந்த பின்னும் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஏற்காட்டு மலைப்பாதைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மாமாவின் மூன்று ஜெர்சிக் கலப்பு மாடுகளின் பால் நான்கு நாள் கீழே இறங்கவில்லை. அத்தை முதல்நாள் பாலை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஊற்றினார், மற்ற நாள்களில் உறையூற்றிக் கடைந்து வெண்ணெய் எடுத்து உருக்கிவைத்தார். அந்த நெய் பொங்கலுக்கு நம் வீட்டுக்கும் வந்தது. பரணில் ஒரு மாதத் தட்டு இருந்ததால் மாடுகள் பசியறியவில்லை. கொஞ்சமாகக் கறந்தாலும் சரிவில் ஏறி இறங்கும் சிறிய உடல்வாகுள்ள மாடுதான் வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருப்பதை முன்பு நான் குறை சொல்லியிருக்கிறேன். அந்த நான்கு நாளுக்குப் பின் அவரை நான் குறை சொல்வதில்லை. காட்டெருமைகள் இரவில் இறங்கி அவருடைய புல்லை மேய்ந்துவிட்டுப் போவதற்கு மட்டும் அவரிடமும் வழியில்லை.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுதோறும் புதுப்பி, மாட்டின் அடையாள எண் உள்ள காதுவில்லை அறுந்து விழுந்தால் அன்றைக்கே மருந்தகத்தில் சொல்லி மாற்று. 2019 இல் நம் கறுப்பு வெள்ளை மாடு பாம்பு கடித்து இறந்தபோது, வில்லை விழுந்து இரண்டு மாதமாகியும் நாம் சொல்லாமல் விட்டதால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கடனைப் பற்றியும் ஒன்று. கால்நடை வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை உண்டு. பிணையில்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள், தவணை தவறாமல் திருப்பினால் வட்டி நான்கு விழுக்காட்டில் முடியும். அது மாடு வாங்குவதற்கல்ல, தீவனத்துக்கும் மருந்துக்குமான நடைமுறைச் செலவுக்கு. கெட்ட வாரத்தில் மாட்டை விற்காமல் இருப்பதற்கு அதுதான் உதவும். வந்தவுடன் முதலில் அதற்கு விண்ணப்பம் கொடு.

எனக்கு உறக்கம் வராமல் செய்தது இன்னொன்று. பத்து மாடுகள் என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு பேர் எழ வேண்டும், ஆண்டின் எல்லா நாளும். போன ஆண்டு அப்பாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த பத்து நாளும் நான் மருத்துவமனையில் இருந்தேன். எதிர்வீட்டு அக்காதான் இரண்டு வேளையும் வந்து கறந்து, சங்கத்தில் ஊற்றி, கணக்குச் சீட்டைக் கம்பியில் குத்தி வைத்துவிட்டுப் போனார். அவர் மகள் பிரசவத்துக்கு நான் அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டதை அவர் மறக்கவில்லை. நம் ஐந்து மாடுகளை அப்படி ஒருவரை நம்பி விட்டுப் போகலாம். பத்து மாடுகளைக் கேட்க எனக்கு நா எழாது. உன் கை இப்போது கறவைக்குப் பழக்கமில்லாத கை. பேரனின் பள்ளிப் பேருந்து வரும் நேரமும் கறவை நேரமும் ஒன்றாக இருக்கும். கறவை இயந்திரம் வாங்கலாம், ஆனால் இயந்திரத்தால் மடியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது.

ஆகவே என் யோசனையைச் சொல்கிறேன், பிறகு உன் விருப்பம். கடன் தாளில் இப்போது கையெழுத்துப் போடாதே. வேலையையும் ஆவணி வரை விடாதே. தெற்குத் துண்டு நிலத்தில் சித்திரை மழைக்குப் புல் நடுவோம். முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம், அதன்பின் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். வரப்பெல்லாம் அகத்தியும் வேலிமசாலும் விதைப்போம். ஆடிக்குள் தட்டுப்போர் ஒன்று உன் பணத்தில், உன் கணக்கில் நிற்கட்டும். அது நின்ற பிறகு இரண்டு மாடுகளை, ஒன்று ஈன்று ஒரு மாதமானதாகவும் மற்றொன்று ஆறு மாதச் சினையாகவும் பார்த்து வாங்குவோம்; அப்போதுதான் ஒன்று வற்றும்போது மற்றொன்று கறக்கும். வீட்டில் கொண்டுபோய்க் கட்டும் முன் இரண்டையும் மூன்று வாரம் மாந்தோப்பில் கட்டுவோம். நம் ஐந்தில் இரண்டு கிடாரிகளை உனக்கென்று ஒதுக்கிவிட்டேன், அப்பாவும் சம்மதித்துவிட்டார். இவை ஈன்று, இவற்றின் கன்றுகள் வளர்ந்து பத்து என்ற எண்ணுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஒரு வறட்சியையாவது நீ எங்களோடு இருந்து பார்த்திருப்பாய்.

மூத்த கிடாரிக்குப் பங்குனி இரண்டாம் வாரத்தில் ஈற்று நாள் வருகிறது. தலைச்சன் ஈற்று என்பதால் இரவு பகலாகப் பக்கத்தில் ஆள் வேண்டும். பத்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு நீ மட்டும் வா. பேரனை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். கன்று விழுந்த அரைமணி நேரத்துக்குள் சீம்பாலை நீயே ஊட்டு. நான்கு மணி எழுச்சியை உன் உடம்பு ஏற்கிறதா என்பதையும் அந்தப் பத்து நாளில் பார்த்துவிடலாம்.

வரும்போது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையில் கோ 5 என்ற கம்பு நேப்பியர் புல் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) 2,000 கேட்டு வாங்கி வா. பதினைந்து சென்டுக்கு அது போதும், மீதியை அதிலிருந்தே வெட்டிப் பெருக்கிக்கொள்ளலாம். ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவா. பேருந்தின் மேல் போட்டால் வெயிலில் காய்ந்துவிடும், கால்மாட்டில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா